நான்கு படி பின்னால்

திபிலிசியில், க்ல்தானிப் பக்கம்,
எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு தின்னும்.
ஏறக் காசு. இறங்குவது இலவசம்.
அக்டோபரிலிருந்து
காசை மட்டும் தின்றுவிட்டுச்
சும்மா நிற்கிறது.

எனக்கு எட்டாம் மாடி. அவனுக்கு ஏழாவது.
அவ்தாந்தில். நாற்பது வயதிருக்கும்.
வலது கால், முழங்காலுக்குக் கீழே, கடையில் வாங்கியது.
பழையது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.
ஆளுக்கொரு கதை மட்டும் வைத்திருக்கிறோம்.

படிக்கட்டு குறுகல்.
முன்னால் போகிறவரை
உரசிக்கொண்டுதான் தாண்ட வேண்டும்.
வாயே திறக்காவிட்டாலும்
அந்த உரசலில் ஒரு ‘நகரு’ இருக்கும்.

ஒருமுறை இரண்டாம் மாடி கோச்சா
பிடுங்காத குறையாக
அவன் பையை வாங்கிக்கொண்டான். உதவியாம்.
உருளைக்கிழங்கு விறுவிறுவென்று மேலே போய்விட்டது.
வெறுங்கையோடு பின்னால் ஏறியவன் முகத்தைப்
பார்த்தது நான் ஒருத்திதான்.

அதனால் நான் தாண்டுவதில்லை. கேட்பதுமில்லை.
நான்கு படி பின்னால் நின்றுவிடுவேன்.
நிற்கக் காரணம் வேண்டுமே.
கையிலேயே வைத்துக்கொண்டு சாவியைத் தேடுவேன்.
மூன்றாம் மாடி மீட்டர் பெட்டியில்
அடுத்தவர் மின்கணக்கைப் படிப்பேன்.
போனைக் காதில் வைத்து
“சொல்லுங்க… ம்… அப்படியா” என்பேன்
இல்லாத ஒருவரிடம்.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே
போன் அடித்தது.
காதிலேயே.
மேலே அவன் முதுகு குலுங்கியது.
ஆனால் திரும்பவில்லை.

எனக்கு இதில் பெருமை உண்டு, சொல்லிவிடுகிறேன்.
பல் மருத்துவமனையில் நாள் முழுக்க
அடுத்தவர் வாய்க்குள் விளக்குப் பிடிக்கிறவள்.
வீட்டுக்குப் போகிற வழியில்
கொஞ்சம் நல்லவளாக இருப்பது
சுகமாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் நீதிமன்றத்திலிருந்து வந்தேன்.
பதினோரு வருடத்தை முடிக்கப்
பதினான்கு நிமிடம் போதுமாம்.
ஐந்தாம் மாடி வரை வந்த கால்
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.
ஜன்னலில் பாதி கண்ணாடி, மீதி அட்டை.
அழுகை சத்தமாகவே வந்தது,
இருமல் மாதிரி, யாருடையதோ மாதிரி.

கீழே டக். டக்.
பிறகு ஒன்றுமில்லை.
கைப்பிடிக் கம்பிகளின் நடுவே பார்த்தேன்.
முட்டை அட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு
அவர் குனிந்து
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.
வலது ஷூ.

(ஆம், அவர். இந்த இடத்திலிருந்து அப்படித்தான் வருகிறது.
மேலே எழுதியதைத் திருத்தப்போவதில்லை.
அப்படித்தான் இருந்தேன்.)

அந்த ஷூவை அவர் கழற்றுவதே இல்லை.
காலோடு சேர்த்துச் சுவரில் சாய்த்து வைப்பார்,
கதவு திறந்திருந்த நாளில் பார்த்திருக்கிறேன்.
அந்த லேஸ் அவிழ வழியே கிடையாது.

அதைத்தான் அவிழ்த்தார்.
இழுத்தார், முடிச்சிட்டார்,
சரியாக வரவில்லை என்பதுபோல் தலையாட்டி
மறுபடி அவிழ்த்தார்.
தொப்பியில் இருந்த பனி உருகி
முட்டைகள்மேல் சொட்டியது.
ஒருமுறைகூட நிமிரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
ஆறாம் மாடியில் யாரோ
வெங்காயம் வதக்கி முடித்திருந்தார்கள்.

மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தேன்.
ஏறினேன்.
நான்கு படி விட்டு
டக்.
டக்.

ஏழாம் மாடியில் அவர் கதவு திறந்தது கேட்டது.
சாத்தியது கேட்கவில்லை,
மேலே என் பூட்டு
இரண்டு சுற்றுச் சுற்றித் திறக்கும் வரைக்கும்.